தூய தண்ணீரும் நல்ல தண்ணீரும்

கோடைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. காஞ்சிபுரத்துப் பள்ளிவாசல் ஒன்றுக்கு ஜும்ஆ தொழச் சென்றிருந்தோம். ஹவுளின் கரையில் அமர்ந்து ஒளுச் செய்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் நெசவாளி ஒருவரும் அவருடைய ஏழெட்டு வயது மகனும் இருந்தார்கள். வாய் கொப்பளித்த சிறுவன், தாகம் தாளாமல் அடுத்த கை நீரை விழுங்கப் போனான். தகப்பனார் சட்டென்று அவன் கையைத் தட்டிவிட்டார்.

"அதைக் குடிக்காதேடா. வாசலில் பானையில் நல்ல தண்ணீர் இருக்கிறது, அங்கே போய்க் குடி."

"ஏன் அத்தா, இது சுத்தம் இல்லையா? சுத்தம் இல்லையென்றால் ஒளு எப்படிக் கூடும்?"

"அதெல்லாம் கூடும். பேசாமல் காலைக் கழுவு."

தகப்பனாரிடம் அதற்கு மேல் பதில் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த நம்மிடமும் அப்போது இல்லை. தொழுகை முடிந்து வெளியே வரும்போது அந்தப் பானையைப் பார்த்தோம். ஒருவர் தம் தாயாரின் பெயரால் நன்மை சேர வேண்டும் என்று வைத்த பானை அது. மூடி இல்லை. உள்ளே ஒரு குவளை மிதந்துகொண்டிருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் விரல் நனைய அதை எடுத்து, குடித்து, மீண்டும் உள்ளேயே போட்டார்கள். சிறுவனும் அப்படியே குடித்தான். உண்மையைச் சொன்னால், நாமும் அப்படியே குடித்தோம்.

தொழுகைக்குத் தகுதியான தண்ணீர் எல்லாம் குடிக்கத் தகுதியானதா? இல்லை என்றால், அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வேறுபாட்டுக்கு யார் பொறுப்பு? நல்ல நிய்யத்தோடு தண்ணீர் வைத்தவர் அத்துடன் தம் கடமை தீர்ந்தவராவாரா? குழந்தையின் கேள்வி நம்மை இந்த இடத்திற்குக் கொண்டுவந்து சேர்த்தது.

மார்க்கச் சட்டம் தண்ணீரை எவ்வாறு அளக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். மழை நீர், கிணற்று நீர், ஆற்று நீர், கடல் நீர் ஆகியவை இயல்பில் தூயவை, பிறவற்றையும் தூய்மையாக்குபவை. அசுத்தம் விழுந்து நிறமோ, சுவையோ, மணமோ மாறிவிட்டால் அந்தத் தண்ணீர் நஜீஸாகிவிடும். மாறவில்லை என்றால் அளவைப் பார்க்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத்து, அதாவது ஏறத்தாழ 200 லிட்டர், அல்லது அதற்கு மேல் இருந்தால் அது தூய நீரே. ஹனஃபி மத்ஹபில் பத்து முழத்துக்குப் பத்து முழம் பரப்புள்ள நீரைப் பெருநீராகக் கருதுவார்கள். நம் பள்ளிவாசல்களின் ஹவுள்கள் இந்தக் கணக்கை வைத்தே கட்டப்பட்டன. நிறம், சுவை, மணம் என்ற மூன்றும் கண்ணாலும் நாவாலும் மூக்காலும் அறியத்தக்கவை. பாலைவனத்து இடையனும் பட்டணத்து வணிகனும் எந்தக் கருவியும் இல்லாமல் தாமே பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். வணக்கத்தைச் சிரமமாக்காத சட்டம் இது.

ஆனால் இந்தச் சட்டம் விடை சொல்வது எந்தக் கேள்விக்கு? இந்தத் தண்ணீரால் ஒளுக் கூடுமா, ஆடை சுத்தமாகுமா என்பதற்குத்தான். குடித்தால் வயிறு என்னவாகும் என்பது வேறு கேள்வி. இந்த வேறுபாட்டை நாம் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 1978ல் (ஹிஜ்ரி 1398) சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை, கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்துவது பற்றி ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டது. நிறம், சுவை, மணம் மூன்றும் முற்றிலும் சீராகுமாறு சுத்திகரிக்கப்பட்ட நீர் தூயது. அதனால் ஒளுவும் குளிப்பும் கூடும் என்றது. உடலுக்குத் தீங்கு உண்டென்றால் அதைக் குடிக்காமல் தவிர்க்க வேண்டும். அப்படித் தவிர்ப்பது உயிரைக் காப்பதற்காகவே தவிர, நீர் நஜீஸ் என்பதற்காக அன்று என்பதும் அந்த முடிவின் சாரம். தூய்மை என்பது ஒரு சட்டம், உயிர் காத்தல் என்பது இன்னொரு சட்டம். இரண்டும் ஷரீஅத்திலேயே இருக்கின்றன. ஒன்றை நிறைவேற்றியதால் மற்றது நிறைவேறியதாக ஆகாது.

நம் தமிழிலும் இந்த வேறுபாடு உண்டு. குடிக்கத் தக்கதை "நல்ல தண்ணீர்" என்றும், மற்றதை "உப்புத் தண்ணீர்" என்றும் நம் வீட்டுப் பெண்கள் பிரித்துச் சொல்கிறார்கள். உப்புத் தண்ணீரும் தூயதுதான். அதில் பாத்திரம் கழுவுவார்கள், ஒளுச் செய்வார்கள். ஆனால் உலையில் வைக்க மாட்டார்கள்.

சரி, நல்ல தண்ணீர் என்பதை நாவே சொல்லிவிடாதா? சொல்லாது என்பதற்கு உலகம் அறிந்த சான்று ஒன்று உண்டு. 1854ல் லண்டன் நகரில் பிராட் தெரு என்னும் பகுதியில் காலரா பரவி, சில வாரங்களில் 600 பேருக்கு மேல் மாண்டனர். அந்தத் தெருவின் கைப்பம்பே காரணம் என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் கண்டறிந்தார். அவருக்குக் கிடைத்த ஆதாரங்களில் வலுவானது எது தெரியுமா? தொலைவில் ஹாம்ப்ஸ்டெட் என்ற பகுதியில் வசித்த ஒரு விதவை மூதாட்டியின் மரணம். அவர் இருந்த இடத்தில் காலராவே இல்லை. ஆனால் முன்பு குடியிருந்த தெருவின் தண்ணீர் சுவையாக இருக்கிறது என்பதற்காக, நாள்தோறும் வண்டியில் ஒரு புட்டி வரவழைத்துக் குடித்துவந்தார். அந்தச் சுவையான தண்ணீரே அவர் உயிரை வாங்கியது. பிறகு 1884ல் ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் கோக், நம் நாட்டுக் கல்கத்தாவில் மக்கள் குளித்துத் துவைத்துக் குடித்துவந்த குளம் ஒன்றின் நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார். ஒரு துளி நீரில் ஆயிரமாயிரம் கிருமிகள் இருந்தாலும் நிறம் மாறாது, மணம் மாறாது, சுவையும் மாறாது.

ஆகவே தண்ணீரைக் குடிக்கத் தக்கதாக்க மனிதன் சில வழிகளைக் கண்டான். ஆற்று நீரில் படிகாரத்தைக் கரைத்தால், தானாகப் படியாத நுண்ணிய மண் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு அடியில் படியும். நம் முன்னோர் தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்தார்களே, அதே வேலைதான் இதுவும். தெளிந்த நீரை மணல் படுகையில் வடிகட்டுவார்கள். சென்னை கீழ்ப்பாக்கத்தில் 1914ல் இத்தகைய மணல் வடிகட்டிகளைக் கொண்ட நிலையம் இயங்கத் தொடங்கியது. கடைசியாகக் குளோரின் சேர்ப்பார்கள். அது கிருமிகளைக் கொல்வதோடு, குழாய் வழியே வீடு வந்து சேரும் வரை நீரில் கொஞ்சம் தங்கிக் காவலும் நிற்கும். குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்பது நம் நாட்டுத் தர நிர்ணயம். குழாயைத் திறந்தவுடன் வரும் அந்த மணத்தைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. இதனால் ஒளுக் கூடுமா என்று ஐயுறுவோரும் உண்டு. நீர் என்ற பெயரையே இழக்கச் செய்யாத இச்சிறு மாற்றத்தால் ஒளுவுக்குக் குறையில்லை என்றே உலமாக்கள் சொல்கிறார்கள்.

காஞ்சிபுரத்துக்குப் பெரும்பாலும் பாலாறே தண்ணீர் தருகிறது. ஓரிக்கை, திருப்பாற்கடல் ஆகிய இடங்களில் ஆற்று மணலுக்குள் கிணறு இறக்கி நீர் எடுக்கிறார்கள். வெயிலில் மேலே வறண்டு கிடக்கும் ஆறு, மணலுக்கடியில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மணலே இறைவன் அமைத்த வடிகட்டி. இவ்வூர்ச் சாயக்காரர்களைக் கேட்டால் தண்ணீரின் அருமையைச் சொல்வார்கள். பட்டு நூலைச் சவுக்காரமும் சோடாவும் இட்டுக் காய்ச்சி அதன் பசையைப் போக்க வேண்டும். பிறகு சாயம் ஏற்ற வேண்டும். நீர் கடுத்திருந்தால் சவுக்காரம் திரிந்து போகும், நூல் மங்கும். பட்டின் மினுமினுப்புக்கே பாலாற்றுத் தண்ணீர்தான் காரணம் என்பது ஊர்ப்பேச்சு. நூலுக்கு எந்தத் தண்ணீர் ஆகும் என்று இவ்வளவு கூர்மையாகப் பார்க்கிற நாம், குடலுக்கு எந்தத் தண்ணீர் ஆகும் என்று பார்ப்பதில் மட்டும் ஏன் அலட்சியமாக இருக்க வேண்டும்?

வீட்டளவில் செய்யக் கூடியவை எளியவை. நீரைத் துணியில் வடிகட்டித் தளதளவென்று கொதிக்கவைத்தால் நோய்க் கிருமிகள் மடிகின்றன. அந்தத் துணியை எளிதாக எண்ணிவிட வேண்டாம். வங்காள தேசத்தின் மத்லப் வட்டாரக் கிராமங்களில், பழைய பருத்திச் சேலையை நான்கு மடிப்புக்கும் மேலாக மடித்து வடிகட்டப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2003ல் வெளியான ஆய்வு தெரிவித்தது. கொதித்த நீரை மூடி வைக்க வேண்டும், கை படாமல் மொண்டு ஊற்ற வேண்டும். பாதிக் கேடு பானைக்கு வந்த பிறகே நேருகிறது.

இங்கே அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த ஒழுக்கங்கள் நினைவுக்கு வருகின்றன. இரவில் பாத்திரங்களை மூடிவைக்கவும் தோல்பைகளின் வாயைக் கட்டவும் சொன்னார்கள். தூங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் நீர்ப் பாத்திரத்தில் விடலாகாது என்றார்கள். குடிக்கும் பாத்திரத்துக்குள் மூச்சு விடுவதைத் தடுத்தார்கள். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையும், மக்கள் நீர் எடுக்கும் துறைகளில் மலங்கழிப்பதையும் கண்டித்தார்கள். இவற்றைக் காட்டி, கிருமிகளைப் பற்றி நமக்கு அன்றே தெரியும் என்று பெருமை பேச நாம் வரவில்லை. அப்படிப் பேசுகிறவர்கள் வீட்டிலும் பானை திறந்தே கிடக்கிறது. கட்டளை வந்து ஆயிரத்து நானூறு ஆண்டுகள் ஆயின. நம் பள்ளிவாசல் பானைக்கு இன்னும் மூடி வரவில்லை என்பதே நாம் வெட்கப்பட வேண்டிய செய்தி.

இனி, தண்ணீர் வைத்தவரின் நிலை என்ன என்ற கேள்விக்கு வருவோம்.

தண்ணீர் தருமம் பெரிய தருமம். மறைந்த தம் தாயாருக்காக எந்தத் தருமம் சிறந்தது என்று ஸஃது இப்னு உபாதா (ரலி) கேட்டபோது, தண்ணீர் என்றே நபியவர்கள் விடை தந்தார்கள். அவர் ஒரு கிணறு வெட்டினார். உதுமான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு விட்டார்கள். அந்த வழியில்தான் நம் ஊர்களில் கிணறுகளும் பந்தல்களும் பானைகளும் தோன்றின. ஆனால் வங்காள தேசத்தில் நடந்ததைக் கேளுங்கள். குளத்து நீரால் குழந்தைகள் மடிவதைத் தடுக்க, 1970களில் தொடங்கி அங்கே லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. அரசாங்கமும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் முன்னின்றன. தனி மனிதர்களும் போட்டார்கள். நீர் தெளிவாக இருந்தது, மணமில்லை, கிருமியில்லை. 1993ல்தான் அந்நீரில் ஆர்செனிக் என்னும் நஞ்சு கலந்திருப்பது உறுதியாயிற்று. பூமிக்கடியில் இயற்கையாகவே இருந்த நஞ்சு அது. காய்ச்சினால் போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் செறியும். மூன்று அடையாளங்களில் எதையும் மாற்றாமல், பல ஆண்டுகளில் தோலையும் உள்ளுறுப்புகளையும் கெடுத்தது.

கிணறு போட்டவர்கள் பாவிகளா? இல்லை என்றே நாம் சொல்வோம். அன்று ஆர்செனிக்கைத் தேடும் வழக்கம் இல்லை. உயிர்களைக் காக்க எண்ணியே செய்தார்கள். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. ஆனால் 1993க்குப் பிறகு? அதே நிய்யத்தோடு, சோதித்துப் பார்க்காமல் ஒருவர் மேலும் ஒரு கிணறு போட்டால்? அப்போது நிய்யத்து மட்டும் அவரைக் காக்குமா?

இதற்கு வழிகாட்டும் ஹதீது ஒன்று அபூதாவூதில் இருக்கிறது. மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால், அதற்கு அவரே பொறுப்பாளி என்பது அதன் கருத்து. குணப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் அவருக்கும் இருந்திருக்கும். ஆனாலும் விலக்கு இல்லை. பிறர் உடலுக்குள் செல்வதைத் தருகிறவருக்கு எண்ணத்தோடு அறிவும் கடமையாகிறது. தண்ணீர் கொடுப்பவரும் பிறர் உடலுக்குள் செல்வதைத்தான் கொடுக்கிறார். அறிய வழியில்லாத காலத்தில் அறியாமை மன்னிக்கத்தக்கது; அறிய வழி வந்த பின் அது அலட்சியம். இதுவே நம் முடிவு. வங்காள தேசத்தில் பிறகு ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, நஞ்சுள்ளவற்றுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். தம் தகப்பனார் பெயரால் போட்ட குழாய்க்குத் தாமே சிவப்புப் பூச விட்டவரை எண்ணிப் பாருங்கள். கிணறு போட்ட நன்மைக்கு இணையான நன்மை அதிலும் இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம்.

பள்ளிவாசல் பானையைப் பற்றி அங்கே பொறுப்பிலிருந்த ஒருவரிடம் மெல்லச் சொன்னோம். "பதினைந்து வருஷமாக இருக்கிறது, யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அல்லாஹ் இருக்கிறான், நீங்கள் பயப்படாதீர்கள்" என்றார். வயிற்றுப்போக்கில் வாடிய குழந்தை எந்தப் பானையில் குடித்தது என்று யார் கணக்கு வைத்தார்கள்? நம் பாட்டன்மார் இதே நீரைக் குடித்துத் தொண்ணூறு வயது வாழ்ந்தார்கள் என்போரும் உண்டு. அவர்களோடு பிறந்து ஐந்து வயதுக்குள் மண்ணுக்குப் போனவர்கள் வந்து சாட்சி சொல்வதில்லை. தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மீது பொறுப்புச் சாட்டுவது. கட்டாமல் விடுவதற்குத் தவக்குல் என்று பெயரிட நமக்கு உரிமையில்லை. அதுவும் பிறருடைய ஒட்டகத்தை!

இதுவரை சொன்னது வீட்டாரும் பள்ளிவாசல் பொறுப்பாளரும் செய்யக் கூடியது. இனிச் சொல்லப்போவது கசப்பானது. காய்ச்சினாலும் வடிகட்டினாலும் குளோரின் இட்டாலும் போகாத ஒன்று உண்டு, அது கரைந்துவிட்ட உப்பு. பாலாறு கர்நாடகத்து நந்தி மலையில் தோன்றி, 348 கிலோமீட்டர் கடந்து வயலூர் அருகே கடலில் கலக்கிறது. காஞ்சிக்கு வருமுன் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரங்களைக் கடந்து வருகிறது. அவை தோல் பதனிடும் ஊர்கள். கெடாமலிருக்கத் தோலில் இட்ட உப்பும், பதனிட இட்ட குரோமியமும் பல்லாண்டுகளாக அந்த ஆற்று மண்ணில் இறங்கின. 1996 ஆகஸ்டு 28ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனதை அத்தீர்ப்பு பதிவு செய்தது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று கூறி, தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. என்றாலும் 2025 ஜனவரி 30ல் பாலாற்று மாசுக்காக மீண்டும் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு நஷ்டஈடு வழங்கி அதை மாசு செய்தவரிடம் வசூலிக்க ஆணையிட வேண்டியிருந்தது.

இதை ஏன் இந்த ஏட்டில் எழுதுகிறோம்? தோல் தொழில் நம் சமுதாயத்தார் பலரின் தொழில். அந்த வருமானத்தில் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் எழுந்தன. அந்த வட்டாரத்து வணிகர்களின் கொடையால் கல்லூரிகள் வளர்ந்தன. 1919லேயே வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி உருவாயிற்று. அந்தக் கொடையை மதிக்கிறோம், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அத்தொழிலில் உண்பதையும் அறிவோம். ஆனால் கிணற்று நீர் கெட்டுப்போன உழவனுக்கு அந்தக் கொடை விடையாகாது. அது அடியார்க்குச் செலுத்த வேண்டிய ஹக்கு. அதை உரியவர் மன்னித்தாலன்றி இறைவனும் மன்னிப்பதில்லை என்று நமக்கு நாமே பயான்களில் சொல்லிக்கொள்கிறோம். மதீனாவில் ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அண்டைத் தோட்டக்காரருக்கும் கால்வாய் நீர் குறித்து வழக்கு வந்தபோது, மேல்மடைக்காரர் முதலில் பாய்ச்சிக்கொண்டு பிறகு அண்டையாருக்கு விட வேண்டும் என்றே நபியவர்கள் முதலில் தீர்ப்பளித்தார்கள். மேல்மடைக்கு முதல் உரிமை உண்டு, கூடவே விடவேண்டிய கடமையும் உண்டு. கெடுத்து விடுவது விட்டதாகுமா?

மேல்மடையை மட்டும் குறை சொல்லிக் காஞ்சிவாசிகள் தப்பிக்க முடியாது. நம் ஊர்ச் சாயக்கழிவும் சாக்கடையும் வேகவதி ஆற்றில் கலந்ததை நாம் கண்டவர்கள். வேகவதிக்குக் கீழேயும் ஊர்கள் இருக்கின்றன. ஒவ்வொருவரும் யாரோ ஒருவருக்கு மேல்மடைக்காரரே. வசதியுள்ளவர் இருபது லிட்டர்க் கேன் வாங்குகிறார், வீட்டில் சவ்வு வடிகட்டி மாட்டுகிறார். அதில் தவறில்லை. ஆனால் நம் வீட்டுக்கு நல்ல தண்ணீர் வந்துவிட்டது என்பதால் ஊர்த் தண்ணீரைப் பற்றிய கவலை நம்மை விட்டுப் போய்விடுமானால், அண்டை வீட்டுக்காரன் பசித்திருக்கத் தான் மட்டும் உண்டவனின் கூட்டத்தில் நாமும் சேர்ந்துவிடுவோம்.

என்ன செய்யலாம்? ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் பொறுப்பிலுள்ள கிணற்று நீரையும் ஆழ்குழாய் நீரையும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டலாம். மேல்நிலைத் தொட்டியை எந்தத் தேதியில் கழுவினோம் என்பதையும் அதன் கீழே எழுதலாம். பானை வைப்பவர் மூடியும் குழாயும் சேர்த்தே வைக்கலாம். ஆலை வைத்திருக்கும் சகோதரர், ஜகாத்துக் கணக்குப் பார்க்கும் நாளில் தம் கழிவுநீர் எங்கே போகிறது என்ற கணக்கையும் பார்க்கலாம். வீட்டில் தாய்மார்கள் காய்ச்சிய நீரை ஊற்றிவைக்கும்போது, இதுவும் ஓர் அமானத்து என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

அந்தச் சிறுவனை மறுபடி பார்த்தால் சொல்ல இப்போது நம்மிடம் பதில் இருக்கிறது. "தம்பி, ஹவுள் தண்ணீர் சுத்தந்தான். உன் ஒளுக் கூடிவிட்டது. ஆனால் தண்ணீர் சுத்தமா என்று அல்லாஹ்வுக்காகப் பார்ப்பது ஒன்று. குடிக்கிறவனுக்குத் தீங்கு இல்லையா என்று அவனுக்காகப் பார்ப்பது இன்னொன்று. அந்த இரண்டாவதைப் பெரியவர்களாகிய நாங்கள்தான் பார்த்திருக்க வேண்டும்." பானைத் தண்ணீரையும் நாம் பார்க்கவில்லை என்பதை அவனிடம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வானத்திலிருந்து தூய நீரை இறக்கித் தந்தவன் வல்ல ரஹ்மான். அதை இறங்கிய தூய்மையோடு அடுத்தவர் கையில் சேர்க்கும் பொறுப்புணர்வை நம் அனைவருக்கும் அவன் தந்தருள்வானாக! ஆமீன்.